பாய்வண்டி நேராக ஓடுகிறது, திரும்பத்தான் மாட்டேன் என்கிறது

கத்துக்குட்டி எழுதியது:

வணக்கம். நாலு மாதமாகத் தட்டிக் கொட்டி ஒரு லேண்ட் யாட், அதாவது படகுப்பாய் கட்டித் தரையில் காற்றால் ஓடும் வண்டி, கட்டி முடித்தேன். மூன்று சக்கரம். முன்சக்கரத்தைக் காலால் திருப்ப வேண்டும். பின் ஆக்சில் ஒரு மரப்பலகை, அகலம் ஒன்றரை மீட்டர். சக்கரம் மூன்றும் தள்ளுவண்டிச் சக்கரங்கள், 40 செ.மீ. விட்டம். பாய், பழைய விண்ட்சர்ஃப் பலகையோடு வந்த ஐந்தரை சதுர மீட்டர் பாய்.

கடல் வற்றியிருந்த நேரம் பார்த்து ஈரமணலில் இறக்கினேன். பக்கக்காற்றில் ஓடுகிறது, ஆனால் ஏதோ பிடித்து இழுப்பது போலச் சோம்பலாக ஓடுகிறது. கிளம்பும்போது பாய்க்கயிற்றை இழுக்க இழுக்க நின்றே விடுகிறது. பெரிய தலைவலி திரும்புவது. காற்றை எதிர்த்துத் திருப்பினால் முன்சக்கரம் மட்டும் திரும்புகிறது, வண்டி நேராகவே வழுக்கிக்கொண்டு போய் காற்றுக்கு எதிரே முகத்தை வைத்து நின்றுவிடுகிறது. பத்து தடவை இறங்கித் தள்ளிவிட்டேன். எங்கே தப்பு?

ஈரமணல் எழுதியது:

பாய் சின்னது. ஏழு சதுர மீட்டர் போடுங்கள், சரியாகிவிடும்.

மூன்றாம்சக்கரம் எழுதியது:

வேண்டாம், அவசரப்பட்டுப் பாயை மாற்றாதீர்கள். ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு ஏழு சதுர மீட்டர் பாய் போட்டால் முதல் பலத்த காற்றிலேயே ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும். திரும்பாத வண்டிக்கு வேகத்தைக் கூட்டி என்ன பயன்?

இரண்டு அளவு எடுத்துச் சொல்லுங்கள். முதலாவது, எடைபார்க்கும் மெஷினை முன்சக்கரத்துக்கு அடியில் வையுங்கள். மெஷின் உயரத்துக்குப் பின்சக்கரங்களுக்கும் கட்டை கொடுத்துவிட்டு, ஏறிச் சாய்ந்து உட்காருங்கள். என்ன காட்டுகிறது? இரண்டாவது, பின்சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தை அச்சின் உயரத்தில், டயரின் முன்விளிம்பில் ஒரு தடவை, பின்விளிம்பில் ஒரு தடவை அளந்து பாருங்கள். வண்டி காலியாக இருக்கும்போது எடுத்த அளவு உதவாது. நீங்கள் உட்கார்ந்திருக்க, வேறொருவர் அளக்க வேண்டும்.

கத்துக்குட்டி எழுதியது:

அளந்தேன். வண்டி 34 கிலோ, நான் 71. முன்சக்கரத்தில் வெறும் 8 கிலோதான் காட்டியது! காலி வண்டியில் பின்சக்கர அளவு முன்னும் பின்னும் கிட்டத்தட்ட ஒன்றுதான், 4 மி.மீ. வித்தியாசம். நான் உட்கார்ந்ததும் முன்பக்கம் 19 மி.மீ. அகலமாகிவிட்டது. இது எப்படி?

மூன்றாம்சக்கரம் எழுதியது:

அதைத்தான் எதிர்பார்த்தேன். முன்னால் சைக்கிள் ஃபோர்க் போட்டிருக்கிறீர்களா? மூக்கு தூக்கி நிற்கிறதா? அப்படியென்றால் வண்டியின் உடம்போடு சேர்த்து முடுக்கிய பின் ஆக்சில் பலகையும் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். உங்கள் எடையில் பலகை வளையும்போது அதன் நுனிகள் மேலே மட்டும் போகாமல், கொஞ்சம் பின்னாலும் போகின்றன. அதனால் இரண்டு சக்கரமும் ஆளுக்கொரு பக்கம் வெளியே பார்க்கின்றன. யாரோ இழுப்பது போல இருக்கிறது என்றீர்களே, அந்த ஆள் இதுதான். மணலில் தடத்தைப் பாருங்கள், பின்சக்கரத் தடம் டயரின் அச்சாகத் தெளிவாக இல்லாமல் சீவிவிட்ட மாதிரி இருக்கும். உட்கார்ந்த நிலையில் பலகை தரைக்கு மட்டமாக இருக்கும்படி அதற்கும் உடம்புக்கும் நடுவில் ஆப்பு வைத்து முடுக்குங்கள்.

முன்சக்கரத்துக்கு 8 கிலோ போதவே போதாது. பாய் இழுக்கும்போது அந்த விசை தலைக்கு மேலே எங்கேயோ உயரத்தில் தள்ளுவதால் மூக்கு அழுந்தும், ஸ்டியரிங் பிடிக்கும். காற்றுக்கு நேரே வரும் நொடியில் பாய் படபடக்கும், தள்ளு விசை போய்விடும், மூக்கும் லேசாகிவிடும். சக்கரம் வழுக்குவது அங்கேதான். இருக்கையை முன்னால் நகர்த்துங்கள், அதுதான் நல்ல வைத்தியம். மூக்கில் மணல்மூட்டை கட்டுகிறவர்களும் உண்டு. எனக்குப் பிடிக்காது, தேவையில்லாத சுமை.

பழையபாய் எழுதியது:

கிளம்பும்போது நிற்பதற்கு வண்டி காரணமில்லை, கைதான். நின்ற இடத்தில் பாயை இறுக்கினால் காற்று அதன்மேல் வழிந்து ஓடாமல் முட்டி நிற்கும். கயிற்றைத் தளர்த்தி, நாலு எட்டு தள்ளி ஓடி, ஏறி, வேகம் பிடிக்கப் பிடிக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். வேகம் கூடினால் உங்களுக்குப் படுகிற காற்று முன்பக்கமாக நகர்ந்துவிடும், அப்புறம் பாய் இறுக்கமாகவே இருக்கலாம். ஓடுகிற வேகமே தனக்குக் காற்று உண்டாக்குகிறது. 2022 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் கெயர்ட்னர் உப்பு ஏரியில் க்ளென் ஆஷ்பி ஹோரோனுக்கு என்ற வண்டியில் மணிக்கு 222.4 கி.மீ. போனபோது, வீசிய காற்று மணிக்குச் சுமார் 40 கி.மீ.தான்.

திரும்பும்போது வேகத்தைக் கொன்றுவிடாதீர்கள். சக்கரத்தை வெடுக்கென்று ஒடிக்காமல் அகலமான வளைவாகத் திருப்புங்கள். பாய் மறுபக்கம் விழுந்ததும் ஒரு முழம் கயிறு விடுங்கள். முடியவில்லை என்றால் காற்றோடு போகிற பக்கமாகச் சுற்றுங்கள், பூம் (பாயின் அடிப்பக்கக் கட்டை) வீசும்போது தலையைக் குனிந்துகொண்டு. ஹெல்மெட் போட்டிருக்கிறீர்கள்தானே? கயிற்றைக் கையில் சுற்றவே கூடாது.

கத்துக்குட்டி எழுதியது:

ஹெல்மெட் உண்டு. கயிற்றைச் சுற்றித்தான் வைத்திருந்தேன், இனி இல்லை.

இருக்கையை 30 செ.மீ. முன்னால் தள்ளினேன், முன்சக்கரத்தில் இப்போது 18 கிலோ. ஆப்பு வைத்த பிறகு வித்தியாசம் 5 மி.மீ. இன்று காலை எட்டுத் தடவை திருப்பியதில் ஆறு சரியாக வந்தது. தவறிய இரண்டும் நான் பயந்து பாதியில் கயிற்றை விட்டதால். முதல் ஓட்டத்தில் வண்டி போன வேகத்துக்குக் கால் வைக்கிற கட்டையை மறந்தே போனேன். இப்போது இடப்பக்கப் பின்சக்கரம் மட்டும் கரகரவென்று சத்தம் போடுகிறது. அதுவும் அளவுத் தப்பா?

மூன்றாம்சக்கரம் எழுதியது:

இல்லை, அது பேரிங்குக்குள் போன மணல். தள்ளுவண்டி பேரிங்குகள் பலவற்றுக்கு மூடி இருக்காது. இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ளதாக மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். பீச்சியடித்தால் உப்பு உள்ளேதான் போகும்.