இன்சுலின் கூட்டியும் அப்பாவுக்குப் பொட்டாசியம் இறங்கவில்லை, யாரைப் பார்ப்பது?

அப்பாவுக்கு 61 வயது, ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். ரொம்ப வருஷமாகச் சர்க்கரை. காலை, இரவு இரண்டு வேளையும் 30/70 இன்சுலின். பிரஷருக்கு டெல்மிசார்டன் 40. பங்குனியில் வழக்கமான பரிசோதனையில் பொட்டாசியம் 5.8 என்று வந்தது. இருக்க வேண்டியது 3.5 முதல் 5 வரை. அப்புறம் எடுத்ததிலும் 5.6க்குக் கீழே வரவில்லை.

ரத்தம் எடுத்த டியூப் லேபுக்குப் போகும் வழியில் குலுங்கினால் ரத்த அணுக்கள் உடைந்து பொய்யாகக் கூடுதல் காட்டும் என்றார்கள். சரி என்று பாளையங்கோட்டைக்கே கூட்டிப்போய் லேபில் வைத்து எடுத்தோம். அதே கதைதான். இளநீர், வாழைப்பழம் நிறுத்தியாச்சு. சோடியம் குறைந்த உப்பும் கிடையாது, அதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது. காய்களை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிடுகிறோம். தேங்காய்ப்பால் சொதி இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளை அப்பா இன்னும் மன்னிக்கவில்லை.

கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 1.2, இசிஜி நார்மல். ரத்தத்தில் அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் மட்டும் கொஞ்சம் குறைவு, 19. இன்சுலின்தான் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளும் என்பதால் டாக்டர் அளவைக் கூட்டினார். வெறும் வயிற்றுச் சர்க்கரை 210லிருந்து 140க்கு இறங்கியது, பொட்டாசியம் அசையவில்லை. கால் கொஞ்சம் தளர்வாக இருக்கிறது என்கிறார், வேறு தொந்தரவு இல்லை. டெல்மிசார்டனும் பொட்டாசியத்தை ஏற்றும், ஆனால் நாங்களாக அதை நிறுத்துவதாக இல்லை.

சர்க்கரைக்காரர்களுக்கு, பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்ற வைக்கும் அல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் குறைந்தால், கிட்னி ஓரளவு நன்றாக இருக்கும்போதே பொட்டாசியம் தேங்கலாம் என்று டாக்டர் சொல்லி, பெரிய டாக்டரிடம் காட்டச் சொல்லிவிட்டார்.

இதே நிலையில் இருந்தவர்கள் சொல்லுங்கள்: நெல்லையில் முதலில் சிறுநீரக மருத்துவரிடம் போவதா, ஹார்மோன் மருத்துவரிடமா?