புதுப்பிப்பு: அம்மாவின் ரீலோட் காசு போன வழி

வெள்ளவத்தையில் அம்மாவின் போனுக்குப் போட்ட 500 ரூபா ரீலோட் ஒரே இரவில் கரைந்ததென்று முன்பு எழுதியிருந்தேன். கஸ்டமர் கெயாரில் பாவனை விபரம் எடுத்துப் பார்த்தாச்சு. களவு இல்லை. அம்மாவிடம் இருந்தது வாட்ஸ்அப், பேஸ்புக்குக்கு மட்டுமான பெக்கேஜ். சித்தி அனுப்புகிற யூடியூப் லிங்கைத் தட்டினால் அது பெக்கேஜுக்கு வெளியே. ஒவ்வொரு எம்பிக்கும் மெயின் பலன்ஸில்தான் வெட்டு.

வைஃபை பலவீனமானால் ஐபோன் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவும் என்று ஒரு தம்பி சொன்னது உண்மை. 2015இல் வந்த 'வைஃபை அசிஸ்ட்' அது. ஆனால் அம்மாவுடையது அன்ட்ரொயிட்.

இனிப் பெக்கேஜுக்கு வெளியே டேட்டா ஓடாதபடி நிறுத்தித் தந்தார்கள். கேட்டால்தான் செய்வார்களாம், அதுதான் எரிச்சல்! பாதிக் காசு திரும்பியது. மீதிக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதியிருக்கிறேன். பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன்.