விண்டோஸ் 10 நின்றுவிட்டது, பழைய லேப்டாப்பை என்ன செய்வது?

மஞ்சக்குப்பம்_டிடிபி:
கடலூரில் சின்ன ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். மனு, வாடகை ஒப்பந்தம், பயோடேட்டா அடிப்பதுதான் வேலை. 2015 வெள்ளத்துக்கு அடுத்த வருஷம் வாங்கிய லேப்டாப், ஐ3 ஐந்தாம் தலைமுறை, 4 ஜிபி ராம், பழைய ஹார்டு டிஸ்க். 2025 அக்டோபரில் இருந்து விண்டோஸ் 10 ஆதரவு முடிந்தது என்று திரையில் வந்துகொண்டே இருக்கிறது, 11 போடப் போனால் இந்த மெஷினுக்கு ஆகாது என்கிறது. சர்வீஸ் கடையில் கேட்டால் புதுசு வாங்குங்கள் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். காலையில் ஆன் செய்து டீ குடித்துவிட்டு வந்தாலும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் வேலை நடக்கிறது. விண்டோஸுக்குப் பதிலாக இலவச இயங்குதளமான லினக்ஸ் போட்டால், பாமினி எழுத்துருவில் அடித்த பத்து வருஷத்து ஃபைல்கள் என்ன ஆகும்? நான் டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்தவள், வேறு கீபோர்டு கை வராது.

லாஸ்பேட்டை_குமிழி:
அக்கா, புதுசு வாங்க வேண்டாம். 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை முதல்தான் பட்டியலில் இருக்கிறது, அதனால்தான் ஆகாது என்கிறது. லேப்டாப்பில் கோளாறு எதுவும் இல்லை. முதலில் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு 256 ஜிபி எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகம்) போடுங்கள், அந்தச் சுற்றல் பெரும்பாலும் அதனால்தான். ராம் 8 ஆக்க முடிந்தால் இன்னும் நல்லது. இந்த வயது லேப்டாப்பில் பெரும்பாலும் டிடிஆர்3எல் வகை ராம்தான் இருக்கும், ஆனால் கழற்றிப் பார்த்துவிட்டே வாங்குங்கள்.

அப்புறம் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் போடுங்கள், அதில் பழைய மெஷினுக்கு ஏற்ற இலேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. மின்ட் 22க்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் வரும், காசு கிடையாது. 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், உள்ளே இருக்கும் எதையும் தொடாது. ஒருநாள் மதியம் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் உங்கள் பிரிண்டரை மாட்டி ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள். சில பழைய லேசர் பிரிண்டர்கள் லினக்ஸில் மக்கர் பண்ணும், அது போட்ட பிறகு தெரிந்தால் உங்களுக்குத்தான் அவஸ்தை. பென்டிரைவில் ஓடும்போது மெதுவாகத்தான் இருக்கும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

நெல்லித்தோப்பு77:
அவசரம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 10க்குக் கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டம் ஒன்று இருக்கிறது, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்க்ஸை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் இலவசம், 2026 அக்டோபர் 13 வரை ஓடும். பேஜ்மேக்கர், போட்டோஷாப் வைத்திருந்தால் அவை லினக்ஸில் நேராக ஓடாது, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். கைரேகைக் கருவி வைத்து ஏதாவது செய்கிறீர்கள் என்றால் அதற்கு விண்டோஸ் ஒன்று கையில் இருக்கட்டும்.

தட்டச்சுக்காரன்:
பாமினி பற்றி யாரும் சொல்லவில்லையே, அவர் கேட்டதே அதுதான். பாமினி என்பது வெறும் எழுத்துருதான். அந்த ஃபாண்ட் ஃபைலை லினக்ஸில் நிறுவிவிட்டால் பழைய மனுக்கள் லிப்ரே ஆபிஸில் (வேர்டு மாதிரியான இலவச நிரல்) தமிழாகவே திறக்கும், அதிலேயே அடிக்கவும் செய்யலாம். கட்டம் போட்ட ஃபைல்களில் கோடு கொஞ்சம் நகரலாம், பிரிண்ட் எடுக்கும் முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் புதிதாக அடிப்பதை எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறையில் அடியுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். 2010லேயே தமிழக அரசு யூனிகோடை ஏற்றுவிட்டது. பாமினியில் அடித்ததை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக நிற்கும், ஃபைலுக்குள் ஒரு பெயரைத் தமிழில் தேடவும் முடியாது. லினக்ஸில் தமிழ் அடிக்க உதவும் ஐபஸ், எம்17என் இரண்டையும் நிறுவினால் தமிழ்99 விசைப்பலகை மட்டுமல்ல, தட்டச்சு விசைப்பலகையும் பட்டியலில் வரும். உங்கள் கைப்பழக்கம் பெருமளவு அப்படியே இருக்கும், ஓரிரு குறிகள்தான் இடம் மாறும்.

நேரில் உதவி வேண்டுமானால் புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கம், விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழு இரண்டுமே இருக்கின்றன. இது மாதிரிக் கேள்விகளுக்குப் பொறுமையாகச் சொல்லித்தருவார்கள்.

மஞ்சக்குப்பம்_டிடிபி:
எல்லோருக்கும் நன்றி. தம்பி சொன்ன மாதிரி பென்டிரைவில் போட்டுப் பார்த்தேன், பிரிண்டர் தானாகவே வந்துவிட்டது, ஒரு பக்கம் சுத்தமாக அடித்தது. ஸ்கேன் மட்டும் இன்னும் வரவில்லை. வாடகை ஒப்பந்தம் ஒன்றில் கட்டம் நகர்ந்தது, சரி செய்துவிட்டேன். இப்போது ஒன்று சொல்லுங்கள், விண்டோஸை அழிக்காமல் பக்கத்திலேயே லினக்ஸ் போடலாமா?

லாஸ்பேட்டை_குமிழி:
போடலாம் அக்கா, ஆனால் எஸ்எஸ்டி வாங்கப் போகிறீர்கள் என்றால் அந்தத் தலைவலியே வேண்டாம். மின்ட்டைப் புது எஸ்எஸ்டியில் போடுங்கள். பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டு, ஃபைல்களைக் காப்பி எடுத்த பிறகு மேசை டிராயரில் வையுங்கள். எது சரிப்படாவிட்டாலும் திரும்ப மாட்டினால் பழைய விண்டோஸ் அப்படியே எழுந்து வரும். ஸ்கேனருக்கு ‘சிம்பிள் ஸ்கேன்’ என்ற நிரலைத் திறந்து பாருங்கள், வரவில்லை என்றால் மாடல் நம்பரை இங்கே போடுங்கள்.