புதுப்பிப்பு: ஸ்பின் ஆவதற்கு முன் நின்றுவிடும் வாஷிங் மெஷின் சரியாகிவிட்டது

பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. புதிதாகப் படிப்பவர்களுக்கு: எங்கள் ஃப்ரன்ட் லோடு மெஷின் அலசி முடித்து, தண்ணீரையும் வெளியேற்றிவிட்டு, துணியைப் பிழியாமல் நின்றுவிடும்.

முதலில் பலரும் சொன்னபடி கீழே உள்ள பம்ப் ஃபில்டரைக் கழற்றினேன். கொஞ்சம் நூலும் ஒரு பட்டனும் கிடைத்தன, பலன் இல்லை. துணியைக் குறைத்துப் பார்த்தேன், அதே கதைதான். கதவுப் பூட்டும் சரியாகவே இருந்தது.

சரியாக அமைந்தது, பிரஷர் ஸ்விட்சுக்குப் போகும் மெல்லிய குழாயைப் பார்க்கச் சொன்ன யோசனை. டிரம்மில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை அந்தக் குழாய்க்குள் இருக்கும் காற்றின் அழுத்தத்தை வைத்தே மெஷின் அறிகிறது. குழாய் அடைபட்டால் அழுத்தம் உள்ளேயே தங்கிவிடும்; தண்ணீர் இன்னும் இருப்பதாக எண்ணி மெஷின் சுழல மறுக்கும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேல்மூடியைக் கழற்றினேன். குழாயை ஸ்விட்சிலிருந்து விடுவித்த பிறகே ஊதினேன். இதை மறக்க வேண்டாம்: இணைத்தபடி ஊதினால் ஸ்விட்ச் கெட்டுப்போகலாம். முதலில் காற்றே போகவில்லை. பிறகு குழாயின் கீழ்முனையிலிருந்து சாம்பல் நிறத்தில் கெட்டியான சோப்புக் கசடு வந்தது.

நான் எதிர்பாராதது அந்தக் கசடுதான். அளவுக்கு மேல் சோப்புத்தூள் போட்டுக் குளிர்ந்த நீரிலேயே துவைத்து வந்திருக்கிறேன். இப்போது தூளைப் பாதியாக்கிவிட்டேன். அதன்பின் ஆறு முறை துவைத்தாகிவிட்டது, ஒருமுறைகூட நிற்கவில்லை.