எம்ஜிபி ரோட்ஸ்டர்: சில் மாற்றும்போது கதவு இடைவெளி கெடாமல் காப்பது எப்படி?

கோவென்ட்ரிக்காரன்:
வணக்கம். என்னிடம் 1972 எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரை இல்லாத பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) இருக்கிறது. எஞ்சின் அருமையாக ஓடுகிறது, தொல்லை எல்லாம் பாடியில்தான். ஓட்டுநர் பக்கச் சில்லை (கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பாடிப் பகுதி) ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே போகிறது. முன்பு வைத்திருந்தவர் துருப்பிடித்த சில்லை வெட்டாமல், அதன் மேலேயே புதுத் தகடு வைத்து வெல்டு அடித்திருக்கிறார். கதவுக்குக் கீழே ஜாக் வைத்துத் தூக்கினால் கதவின் மேல்பக்க இடைவெளி விரிகிறது, இறக்கினால் கதவு இறுகிக்கொள்கிறது. ஒரு கராஜில் அவுட்டர் சில் (வெளித்தகடு) மட்டும் மாற்றினால் போதும் என்கிறார்கள். எனக்கு மிக் வெல்டிங் ஓரளவு வரும். எங்கிருந்து தொடங்கலாம்? பேசாமல் புதுப் பாடிஷெல் (வெறும் உடற்கூடு) வாங்கிவிடலாமா?

தகரவேலை:
தம்பி, அவுட்டர் சில் மட்டும் மாற்றுவது வீண் செலவு. இந்த வண்டிக்குத் தனி சேஸிஸ் கிடையாது. 1965இல் வந்த எம்ஜிபி ஜிடி என்ற வகைக்குக் கூரை இருக்கிறது, பாரத்தில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும். ரோட்ஸ்டர் மூடி இல்லாத அட்டைப்பெட்டி. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே அதை நிமிர்த்தி வைத்திருப்பது இரண்டு பக்கச் சில்லும் தரையின் நடுவே மேடாக ஓடும் டனலும்தான். சில் என்பதும் ஒற்றைத் தகடு இல்லை: உள்ளே இன்னர் சில், நடுவில் செங்குத்தாக மெம்பிரேன் என்ற தகடு, அடியில் கேசில் ரெயில் என்ற பட்டை, வெளியே நாம் பார்க்கும் அவுட்டர் சில். நான்கும் சேர்ந்தால்தான் பலம். ஜாக் வைக்கும்போது கதவு அசைகிறது என்றால் உள்ளே இருப்பவை போய்விட்டன.

வெட்டும் முன் இதைச் செய்யுங்கள். வண்டி அதன் சஸ்பென்ஷன் மேலேயே நிற்கட்டும், நடுவில் ஸ்டாண்ட் கொடுக்காதீர்கள். கதவு சரியாகப் பொருந்தும் நிலைக்குப் பாடியைக் கொண்டுவந்து, முன் தூணிலிருந்து பின் தூணுக்குக் கதவு வாசலின் குறுக்கே கனமான பெட்டிக் குழாயை வெல்டு அடியுங்கள். குறுக்கு மூலை அளவுகளைத் தரையிலேயே எழுதி வையுங்கள். ஒரு பக்கம் முழுதாக முடிந்த பிறகே மறுபக்கம். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் வெட்டிய ரோட்ஸ்டரை நேராக்குவது பெரும்பாடு.

முன் விங் (சக்கரத்தின் மேல் மூடும் பக்கத் தகடு) போல்ட்டில் நிற்பது, கழற்றிவிடலாம். போல்ட்டுகள் உடையும், பொறுமை வேண்டும். பின் விங்கின் அடிப்பகுதியை வெட்டினால்தான் அவுட்டர் சில்லின் பின்முனை முழுதாகக் கைக்கு வரும். அதை வெட்டாமல் குறுக்கே நிறுத்திவிடுகிறவர்களே அதிகம், அங்கிருந்துதான் மறுபடி துரு ஏறும்.

அப்புறம் கேசில் ரெயில், இன்னர் சில், மெம்பிரேன் எல்லாவற்றையும் கிளாம்ப் போட்டுப் பிடித்து, கதவை மாட்டிப் பாருங்கள். டாக் வெல்டு (தற்காலிகமாகப் பிடிக்கும் சிறு புள்ளி வெல்டு), மறுபடி கதவு. இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாக இருந்தால் மட்டும் முழு வெல்டு. பிளக் வெல்டை (மேல் தகட்டில் துளையிட்டு அதன் வழியே அடிக்கும் வெல்டு) அங்கொன்றும் இங்கொன்றுமாக இடம் மாற்றிப் போடுங்கள், ஒரே வரிசையாகப் போனால் சூட்டில் தகடு இழுத்துக்கொள்ளும்.

ரெட்டிச்_ரோட்ஸ்டர்:
புது ஷெல் பற்றி நான் சொல்கிறேன். பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் 1988 முதல் பழைய அச்சுகளை வைத்தே எம்ஜிபி ஷெல் செய்து வருகிறது. தரம் நன்று. ஆனால் விலை பத்தாயிரம் பவுண்டுக்கு மேல், பெயிண்ட் தனி. முன் இன்னர் விங், பின் ஸ்பிரிங் ஹேங்கர் (ஸ்பிரிங்கைப் பாடியோடு பிடிக்கும் இடம்), பேட்டரிப் பெட்டி, ஃப்ளோர் எல்லாமே போயிருந்தால் அது நியாயம். சில்லும் ஃப்ளோரும் மட்டும் என்றால் அண்ணன் சொன்ன வழிதான்.

கோவென்ட்ரிக்காரன்:
நன்றி அண்ணா. இருக்கைக்குப் பின்னால் மூடியைத் திறந்து பார்த்தேன். ஒரு பேட்டரிப் பெட்டிக்கு அடியே இல்லை, ஹேங்கர் கெட்டியாக இருக்கிறது. நாற்பது வருடம் தாண்டிய வண்டி, எம்ஓடி (பிரிட்டனின் வருடாந்திர வாகனச் சோதனை) கட்டாயமில்லை. ஆனாலும் வேலை முடிந்ததும் காட்டலாமா?

தகரவேலை:
கட்டாயம் காட்டுங்கள். சீட் பெல்ட், சஸ்பென்ஷன் பொருத்தும் இடங்களிலிருந்து 30 செ.மீ. தூரத்துக்குள் துரு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நம் வெல்டை இன்னொரு கண் பார்ப்பது நல்லது. பெயிண்ட் காய்ந்ததும் சில்லுக்குள் கேவிட்டி வாக்ஸ் (துருவைத் தடுக்கும் மெழுகு) நிறைய அடியுங்கள், கீழே உள்ள வடிகால் துளைகள் அடைபடாமல் பாருங்கள். முன் விங்குக்குள் இருக்கும் ஸ்பிளாஷ் பேனலின் ரப்பரையும் புதிதாக மாற்றுங்கள். அந்த ரப்பர் போனதால்தான் சக்கரம் வாரியடிக்கும் சேறு உள்ளே தங்கி, சில்லின் முன்முனை முதலில் அழுகுகிறது.