அப்பாவின் ஹோண்டா சி70: 6 வோல்ட்டை 12 ஆக்கலாமா?

சிப்புட்காரன்:
வணக்கம். அப்பா பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டப் போய்வந்த சி70 மோட்டார்சைக்கிள் இப்போது என் கையில். 72 சிசி, 6 வோல்ட், பாயின்ட் (தீப்பொறிக்கான பழைய காண்டாக்ட்) உள்ளது. பால் தோம்பு (ரப்பர் பால் வாளி) வைக்க அவர் அடித்த கேரியர் இன்னும் பின்னால் இருக்கிறது. செயின் கவரில் பால் காய்ந்து கறுத்த கறையைச் சுரண்டினாலும் போகவில்லை. இன்ஜின் ஓடுகிறது. ஆனால் ராத்திரியில் செம்பனைக்குள் வரும்போது, குழியைப் பார்த்து மெதுவாக விட்டால் விளக்கும் சேர்ந்து மங்கிவிடுகிறது. மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செலவு செய்ய முடியும். முதலில் எதைத் தொடலாம்? கேரியரை வெட்டிவிடலாமா?

கப்சாய் பிரியன்:
ஹோண்டாவின் புதிய வண்டியான இஎக்ஸ்5-இன் இன்ஜின் ஏற்றிவிடுங்கள் தலைவரே. பவரும் கிடைக்கும், 12 வோல்ட்டும் கிடைக்கும், ஒரே வேலை.

பழைய பட்டறை:
தம்பி, இன்ஜின் பேச்சை ஒத்தி வை. கிராண்ட்டில் (வண்டிப் பதிவுப் பத்திரம்) இருக்கிற இன்ஜின் நம்பர் ஒன்று, வண்டியில் இருப்பது வேறு என்றால் ரோட் பிளாக்கில் நிற்கப்போவது நீ, யோசனை சொன்னவர் இல்லை. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் ஜேபிஜே-இல் (மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறை) கேட்டுவிட்டு மாற்று.

முதல் மாதச் சம்பளத்தை பிரேக்குக்குக் கொடு. முன்னும் பின்னும் டிரம்தான். ஷூ, கேபிள், டயர் மூன்றையும் பார். அப்புறம் பெட்ரோல் டாங்கி. சீட்டைத் தூக்கி டார்ச் அடித்து உள்ளே துரு இருக்கிறதா பார். இருந்தால் கார்புரேட்டரை எத்தனை தடவை கழுவினாலும் மறுபடி அடைக்கும்.

விளக்குக்கு வருவோம். பழைய 6 வோல்ட்டில் ஹெட்லைட் மேக்னட்டோவிலிருந்து (இன்ஜின் சுற்றும்போது கரண்ட் தரும் பகுதி) நேராக எரிகிறது. இன்ஜின் மெதுவானால் அதுவும் மங்கும், அது அந்த வண்டியின் குணம். ஆனால் நீ சொல்கிற அளவுக்கு மங்கினால் எர்த்திலும் கோளாறு இருக்கலாம். ஹோண்டாவில் பச்சை வயர்தான் எர்த். ஹெட்லைட் கூட்டைத் திறந்து பச்சை வயர் முனைகளை எல்லாம் கழற்று, பளபளவென்று வரும்வரை உப்புத்தாள் போடு. பாதி வெளிச்சம் அங்கேயே திரும்பிவிடும், செலவு ஒரு தே தாரிக் காசு.

பாயின்ட் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லி. ஃபிளைவீலில் இருக்கிற ஓட்டை வழியாகவே பார்த்துச் சரிசெய்யலாம். ஃபிளைவீலைக் கழற்ற வேண்டி வந்தால் புல்லர் (அதை இழுத்துக் கழற்றும் கருவி) வாங்கு. ஸ்குரூடிரைவரால் நெம்புகிறவனைக் கிட்டேயே விடாதே.

அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் 12 வோல்ட்டுக்குப் போ, நான் தடுக்கமாட்டேன். அரைகுறையாக மட்டும் செய்யாதே. ஃபிளைவீல், காயில் தட்டு, பாயின்ட்டுக்குப் பதில் வரும் சிடிஐ, பேட்டரி சார்ஜுக்கான ரெக்டிஃபையர், பேட்டரி, எல்லா பல்பும், ஹாரன், சிக்னல் ரிலே, எல்லாம் ஒன்றாக மாற வேண்டும். கழற்றிய 6 வோல்ட் சாமான்களை பிஸ்கட் டின்னில் போட்டு வை. அசல் சாமானோடு இருக்கிற சி70-க்கு இன்றைக்கு விலையே வேறு.

கேரியர் போல்ட்டில் இருந்தால் கழற்றி மாட்டிக்கொள்ளலாம். சேசிஸோடு வெல்டிங் என்றால் கிரைண்டரே வைக்காதே. சி70 சேசிஸ் தகடு அடித்துச் செய்தது, குழாய் இல்லை. வெட்டப்போய் ஓட்டை விழுந்தால் அப்புறம் ஒட்டு மேல் ஒட்டுதான்.

சிப்புட்காரன்:
பார்த்தேன் அண்ணே, போல்ட்தான். பச்சை வயர் முனை ஒன்று கையோடு உதிர்ந்துவிட்டது. இன்னொன்று: வண்டியின் நீலத்தை மாற்றிக் கறுப்பு அடிக்கலாமா? கிராண்ட் இன்னும் அப்பா பெயரில்தான். அவர் தவறிவிட்டார்.

தோட்டத்து மகள்:
நிறம் மாறினால் அதையும் ஜேபிஜே-இல் பதிய வேண்டும். அதற்கு முன் பெயர் மாற்றத்தை முடித்துவிடுங்கள். அப்பா விட்டுப்போனது மோட்டார்சைக்கிள், பேங்க் காசு போன்ற அசையும் சொத்து மட்டும், 600,000 ரிங்கிட்டுக்குள் என்றால் அமானா ராயாவிலேயே (இறந்தவர் சொத்தைக் கவனிக்கும் அரசு நிறுவனம்) மனுப் போடலாம். இறப்புச் சான்றிதழும் கிராண்ட்டும் கட்டாயம் கேட்பார்கள். அம்மா இருந்தால் கூட்டிப் போங்கள்.

பழைய பட்டறை:
நீலமே இருக்கட்டும் தம்பி. அந்தக் காசுக்கு டயர் வாங்கு. முன்னால் 2.25, பின்னால் 2.50, இரண்டும் 17 இஞ்ச்.