லேப் ரிசல்ட்டைக் காலவாரியாக வரைந்தால் நூல்கண்டு சிக்கின மாதிரி வருகிறது, எப்படிச் சரிசெய்வது?

கயல்_ஃபார்ம்

வணக்கம். பி.ஃபார்ம் முடித்துவிட்டு கிளினிக்கல் ட்ரயல் டேட்டா வேலைக்குப் போகலாம் என்று ஆர் (புள்ளியியல் கணக்குக்கான நிரல்மொழி) கற்றுக்கொண்டிருக்கிறேன். பழகுவதற்கு அதன் சர்வைவல் பேக்கேஜில் இருக்கும் பிபிசிசீக் டேட்டாவை எடுத்தேன். தெரியாதவர்களுக்காக: அமெரிக்காவில் மேயோ கிளினிக் 1974 முதல் 1984 வரை நடத்திய ட்ரயல் அது. பிரைமரி பிலியரி கொலாஞ்சைடிஸ் என்ற கல்லீரல் நோய்க்கு (அப்போது சிரோசிஸ் என்றுதான் சொன்னார்கள்) டி-பெனிசிலமின் கொடுத்துப் பார்த்தார்கள், மருந்து பலன் தரவில்லை. 312 நோயாளிகள், மொத்தம் 1945 வரிசைகள், ஒவ்வொரு வரிசையும் ஒரு விசிட். பிலிருபின் (கல்லீரல் கெட்டால் ரத்தத்தில் ஏறும் மஞ்சள் பொருள்), அல்புமின், ஏஎஸ்டி (கல்லீரல் செல் சேதமானால் ஏறும் என்சைம்), பிளேட்லெட் எல்லாம் இருக்கிறது.

பிலிருபினை நாள்வாரியாக வரைந்தேன். 312 கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி எதுவுமே தெரியவில்லை. இருபது, முப்பது என்று போகிற சிலரால் மீதி எல்லாரும் அடியில் நசுங்கிக் கிடக்கிறார்கள். சரி என்று வருடவாரியாகச் சராசரி எடுத்து ஒரே கோடாகப் போட்டால் படம் சுத்தமாக இருக்கிறது, ஆனால் அதைப் பார்த்து இது 140 பேர் இறந்த ட்ரயல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இந்த இரண்டில் எதைக் காட்டுவது? இல்லை மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறதா? விசிட்களும் ஒரே நாளில் விழவில்லை, ஒருவருக்கு 182, இன்னொருவருக்கு 192. அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

கோடுபோடுபவன்

நசுங்கல் பிரச்சினைக்கு லாக் அளவுகோல் (ஒவ்வொரு இரட்டிப்பும் ஒரே உயரமாக வரும் அச்சு) போடுங்கள், பாதி தீர்ந்துவிடும். பிலிருபினில் 1 இரண்டாவதும் 10 இருபதாவதும் டாக்டர் கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி ஏற்றம், சாதாரண அளவுகோலில் முதல் ஏற்றம் கண்ணுக்கே தெரியாது. ஆல்கலைன் பாஸ்பேடேஸ் (பித்த ஓட்டம் தடைபட்டால் ஏறும் என்சைம்) வரைந்து பாருங்கள், உங்கள் டேட்டாவில் இரண்டாவது நோயாளிக்கு முதல் நாளே 7395, அடுத்த விசிட்டில் 2107. லாக் இல்லாமல் அந்த ஆள் ஒருவரே பக்கம் முழுவதையும் பிடித்துக்கொள்வார். ஆனால் அச்சில் லாக் எண்களை எழுதாதீர்கள். 0.5, 1, 2, 5, 10, 20 என்று நிஜ மதிப்பையே போடுங்கள், படிப்பவர் மனக்கணக்குப் போடக் கூடாது.

ஜிஜிபிளாட்டில் (ஆரில் படம் வரையும் பேக்கேஜ்) குரூப்புக்கு நோயாளி ஐடி கொடுத்திருக்கிறீர்கள்தானே? கொடுக்காவிட்டால் ஒருவருடைய புள்ளியிலிருந்து அடுத்தவருடைய புள்ளிக்குக் கோடு தாவி மேலும் கீழும் ரம்பமாக வரும். கோடுகளை வெளிர் சாம்பலில், பத்தில் ஒரு பங்கு அடர்த்தியில் போடுங்கள். அதன்மேல் நான்கைந்து பேரை மட்டும் அடர் நிறத்தில் காட்டுங்கள், யாரை எதற்காகத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கீழே ஒரு வரி எழுதுங்கள். அது இல்லாவிட்டால் கதைக்கு வசதியான ஆட்களைப் பொறுக்கியதாகத்தான் படும்.

நாள் விஷயத்தில் எந்தச் சமரசமும் வேண்டாம். எக்ஸ் அச்சில் உண்மையான நாளையே வையுங்கள். "விசிட் 1, விசிட் 2" என்று சம இடைவெளியில் அடுக்கினால் ஆறு மாத இடைவெளியும் ஒரு வருட இடைவெளியும் ஒரே அகலத்தில் வந்து, ஏற்றத்தின் சாய்வே மாறிப்போகும். அட்டவணை போடும்போது மட்டும் இத்தனையாவது நாளிலிருந்து இத்தனையாவது நாள் வரை ஆறாம் மாதம் என்று வரம்பு வைத்துக்கொள்ளலாம்.

வேலைக்குப் போன பிறகு இன்னொன்றும் வரும். பல ஊர் லேப், பல யூனிட். பிலிருபின் ஒரு இடத்தில் மில்லிகிராமில் வரும், இன்னொரு இடத்தில் மைக்ரோமோலில் வரும், இரண்டுக்கும் நடுவே 17.1 மடங்கு. கிரியேட்டினினுக்கு 88.4. ஒரு நோயாளியின் கோடு ஒரே விசிட்டில் செங்குத்தாக எகிறி அடுத்த விசிட்டில் இறங்கினால் நோயைச் சந்தேகிக்கும் முன் யூனிட்டைப் பாருங்கள். "5-க்குக் குறைவு" என்று எழுத்தாக வரும் ரிசல்ட்டுகளையும் கவனியுங்கள். எண்ணாக மாற்றும்போது அவை சத்தமில்லாமல் காணாமல் போகும், அப்புறம் சராசரி மேலே ஏறி நிற்கும்.

பழைய_புள்ளியியல்காரன்

கயல், உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிதான் முக்கியம், அதை விடாதீர்கள். சராசரிக் கோடு அமைதியாக இருப்பதற்குக் காரணம் நோய் அமைதியாக இருப்பது அல்ல, மோசமானவர்கள் கணக்கிலிருந்து வெளியேறிக்கொண்டே இருப்பது.

முதல் நோயாளியை எடுங்கள். முதல் நாள் பிலிருபின் 14.5, 192-ஆம் நாள் 21.3, 400-ஆம் நாள் இறந்துவிட்டார். இரண்டாவது நோயாளி 1.1-இல் தொடங்கி 0.8, 1.0, 1.9, 2.6 என்று போய்க் கடைசியில் 4.6, பதினான்கு வருடம் கழித்தும் உயிரோடு இருக்கிறார். இரண்டாம் வருடச் சராசரி எடுக்கும்போது அந்த 21.3 அங்கே கிடையாது. முதல் ஆளுக்கு உடம்பு தேறியதால் அல்ல, அவரே இல்லாததால். இப்படி 140 பேர் இறந்து 29 பேர் கல்லீரல் மாற்று அறுவைக்குப் போன ட்ரயலில் எட்டாம் வருடச் சராசரி என்பது எட்டு வருடம் தாக்குப்பிடித்தவர்களின் சராசரி, அவ்வளவுதான். ஒவ்வொரு நோயாளியின் கோடும் ஏறிக்கொண்டே போனாலும் சராசரி தட்டையாக நிற்க முடியும், இறங்கக்கூட முடியும்.

ஆகவே குறைந்தபட்சமாக, சராசரி போட்டால் அச்சுக்குக் கீழே அந்தந்த வருடம் எத்தனை பேர் என்று எண்ணிக்கை எழுதுங்கள். அது 312-இல் தொடங்கித் தேய்ந்துகொண்டே போவதைப் பார்த்ததும் படிப்பவருக்கே சந்தேகம் வந்துவிடும். அதைவிட நல்லது, முடிவுவாரியாக மூன்று கட்டமாகப் பிரியுங்கள்: உயிரோடு இருப்பவர்கள், மாற்று அறுவைக்குப் போனவர்கள், இறந்தவர்கள்.

அடுத்து இதைச் செய்து பாருங்கள், செய்தபிறகு உங்களுக்கே இந்த வேலை பிடித்துப்போகும். நாளைத் தொடக்கத்திலிருந்து எண்ணாமல் முடிவிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். விசிட் நாளிலிருந்து ஃபியூடைம் (கடைசிவரை கண்காணித்த நாள்கள்) நெடுவரிசையைக் கழித்தால் போதும், பூஜ்யம் என்பது இறந்த நாள். இறந்தவர்களை மட்டும் இப்படி வரைந்தால் தொடக்கத்திலிருந்து எண்ணும்போது கலைந்து கிடந்த கோடுகள் பூஜ்யத்தை நெருங்க நெருங்க மேலே திரும்புவது தெரியும். ஒரு எச்சரிக்கை: இது முடிவு தெரிந்த பிறகு ஆட்களைப் பிரித்து வரைவது, ஆகவே மருந்தையும் பிளாசிபோவையும் (மருந்தில்லாத போலி மாத்திரை) ஒப்பிட இந்தப் படத்தைப் பயன்படுத்தவே கூடாது. அளவிடுவதற்கு லேப் மதிப்பையும் உயிர்பிழைப்பையும் சேர்த்தே மாடல் செய்யும் முறைகள் இருக்கின்றன. ஜேஎம் பேக்கேஜில் இதே டேட்டாவைப் பிபிசி2 என்ற பெயரில் வைத்திருக்கிறார்கள்.

கொலஸ்ட்ரால் நெடுவரிசையையும் ஒரு தடவை வரையுங்கள். முதல் நோயாளிக்கு இரண்டாவது விசிட்டில் காலி. இந்த டேட்டாவின் உதவிப் பக்கத்திலேயே விளக்கம் இருக்கிறது: ஆறாம் மாதம், ஒரு வருடம், அப்புறம் வருடா வருடம் என்பதுதான் ஏற்பாடு, அந்த விசிட்டில் எல்லா டெஸ்ட்டும் எடுப்பார்கள். உடம்பு மோசமாகி நடுவில் வந்தால் எல்லாம் எடுக்க மாட்டார்கள். அதனால் மரணத்துக்கோ மாற்று அறுவைக்கோ முந்தைய கடைசி வரிசையில்தான் காலியிடங்கள் அதிகம். பிலிருபின், அல்புமின், புரோத்ராம்பின் நேரம் (ரத்தம் உறைய ஆகும் நேரம்) மூன்றும் மேயோ ரிஸ்க் ஸ்கோருக்கு (பிழைக்கும் வாய்ப்பைக் கணிக்கும் மதிப்பெண்) தேவை என்பதால் தப்பித்தன. காலி வரிசைகளை மொத்தமாகத் தூக்கிவிட்டு வரைந்தால் எந்த நேரத்தைப் பார்க்க வேண்டுமோ அந்த நேரத்தையே தூக்கியதாகிவிடும். நிறைய பேர் யோசிக்காமல் அதைத்தான் செய்கிறார்கள், எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

சாஸ்_செல்வி

எல்லாம் சரி, ஆனால் மருந்து கம்பெனி ரிப்போர்ட்டில் விசிட்வாரியாக பாக்ஸ் பிளாட்தான் (நடுப்பாதிப் பேரின் மதிப்பைப் பெட்டியாகக் காட்டும் படம்) கேட்பார்கள். இவ்வளவு மெனக்கெட்டால் டெட்லைன் போய்விடும். பாக்ஸ் பிளாட், பேஸ்லைனுக்கும் (தொடக்க மதிப்பு) அதன்பின் வந்த மிக மோசமான மதிப்புக்கும் ஒரு ஷிஃப்ட் டேபிள், இரண்டும் போதும் என்பது என் அனுபவம்.

நைட்டியூட்டி_டாக்டர்

செல்வி மேடம், பாக்ஸ் பிளாட்டை வேண்டாம் என்று சொல்லவில்லை, அது கூட்டத்தைக் காட்டும். ஆனால் பாதுகாப்பு என்று வரும்போது கூட்டம் எங்களுக்குப் பெரிய விஷயமே இல்லை. ட்ரோக்ளிடசோன் என்ற சர்க்கரை மருந்தை நினைத்துப் பாருங்கள். ட்ரயலில் மருந்து எடுத்த 2510 பேரில் 1.9 சதவீதம் பேருக்கு ஏஎல்டி (ஏஎஸ்டி போல இன்னொரு கல்லீரல் என்சைம்) நார்மல் மேல் எல்லையைப் போல மூன்று மடங்கைத் தாண்டியது, பிளாசிபோவில் 475 பேரில் 0.6 சதவீதம். 1997-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்து, கல்லீரல் செயலிழப்பு கேஸ்கள் வந்து, 2000-இல் திரும்பப் பெற்றார்கள். ஐம்பது பேருக்கும் குறைவானவர்கள் ஏறினால் 2510 பேரின் பெட்டி துளியும் நகராது. பெட்டிக்கு வெளியே சில புள்ளிகள் கூடும், அவை யாருடையவை, அடுத்த விசிட்டில் என்ன ஆனார்கள் என்று பெட்டி சொல்லாது.

நான் கேட்பது ஆளுக்கு ஒரு பக்கம். ஏஎல்டி, ஏஎஸ்டி, ஆல்கலைன் பாஸ்பேடேஸ், பிலிருபின் நான்கையும் மேல் எல்லையின் மடங்காக மாற்றி, ஒரே லாக் அச்சில், ஒரே காலக்கோட்டில். கீழே மருந்து எந்த நாள் முதல் எந்த நாள் வரை, எப்போது நிறுத்தினார்கள், திரும்பக் கொடுத்தார்களா என்று ஒரு பட்டை. ஏஎல்டி முதலில் ஏறி, சில நாள் கழித்துப் பிலிருபின் ஏறுகிறதா, மருந்தை நிறுத்தியதும் இறங்குகிறதா என்று பார்த்தாலே பாதி முடிவு வந்துவிடும். மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்பை ஆராய்ந்த டாக்டர் ஹைமன் ஜிம்மர்மேன் சொன்னதை வைத்து வந்த விதி தெரியும்தானே: ஏஎல்டியோ ஏஎஸ்டியோ மூன்று மடங்குக்கு மேல், பிலிருபின் இரண்டு மடங்குக்கு மேல், ஆல்கலைன் பாஸ்பேடேஸ் ஏறவில்லை, வேறு காரணமும் இல்லை என்றால் அந்த ஒரு கேஸே கவலைக்குரியது. பெரிய ட்ரயலில் இரண்டு கேஸ் வந்தாலே ஆட்டம் மாறிவிடும். ஆளுக்கு ஒரு புள்ளியாக உச்ச ஏஎல்டியை ஒரு அச்சிலும் உச்ச பிலிருபினை இன்னொரு அச்சிலும் வைத்து வரையும் ஈ-டிஷ் படம் இதற்காகவே வந்தது. வலது மேல் மூலையில் விழுகிற ஒவ்வொருவருக்கும் அந்தத் தனிப் பக்கத்தைத் திறந்து பார்ப்போம்.

நாளை விடாதீர்கள் என்று கோடுபோடுபவன் சொன்னது இங்கேயும் பொருந்தும். ஏஎல்டியின் அரை ஆயுள் (ரத்தத்தில் பாதியாகக் குறைய ஆகும் நேரம்) சுமார் 47 மணி நேரம், ஏஎஸ்டிக்கு 17 மணி நேரம். மாதம் ஒரு தடவை ரத்தம் எடுத்தால் நடுவில் ஒரு உச்சமே வந்து இறங்கிவிடலாம். அதனால்தான் மூன்று மடங்கு தாண்டினால் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் திரும்ப எடுக்கச் சொல்கிறது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் 2009 வழிகாட்டி. அந்த அவசர ரிசல்ட்டுகள் "திட்டமிடாத விசிட்" என்ற பெயரில் வரும், விசிட்வாரி பாக்ஸ் பிளாட்டில் அவை பெரும்பாலும் இடம்பெறுவதே இல்லை.

கயல், உங்கள் முதல் நோயாளியின் ஏஎஸ்டியைப் பார்த்தீர்களா? முதல் நாள் 138, 192-ஆம் நாள் 6.2. பிலிருபின் 21.3-க்கு ஏறிக்கொண்டிருக்கிறவருக்கு ஏஎஸ்டி 6.2 என்றால் எனக்கு நம்பிக்கை இல்லை, ஆரோக்கியமானவர்களுக்கே பெரும்பாலும் பத்துக்கு மேல்தான் இருக்கும். இது இப்போது நடக்கும் ட்ரயல் என்றால் லேப்புக்குக் கேள்வி அனுப்பியிருப்பேன். இரண்டு கோடுகளும் ஒரே பக்கத்தில் எதிரெதிராகப் பிரிவதைப் பார்த்தால்தான் இது கண்ணில் படும், தனித்தனி டேபிளில் யாருக்கும் படாது.

சாஸ்_செல்வி

திட்டமிடாத விசிட் விஷயம் நியாயம், டாக்டர். எங்கள் ஷிஃப்ட் டேபிளில் மோசமான மதிப்பு எடுக்கும்போது அவற்றையும் சேர்ப்போம், படத்தில் சேர்ப்பதில்லை. அடுத்த ரிப்போர்ட்டில் ஏஎல்டி எல்லை தாண்டியவர்களுக்கு மட்டுமாவது தனிப் பக்கம் போடச் சொல்லிக் கேட்கிறேன்.

கயல்_ஃபார்ம்

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. லாக் அளவுகோல், மூன்று கட்டம், பின்னோக்கி எண்ணுவது மூன்றும் செய்துவிட்டேன். இறந்தவர்கள் கட்டத்தைப் பின்னோக்கி வரைந்ததும் கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன், அது வெறும் டேட்டா இல்லை என்று தோன்றியது.

இரண்டு சந்தேகம். ஈ-டிஷ் இந்த டேட்டாவில் போடலாமா? இன்னொன்று, முதல் நோயாளியின் கோடு 192-இல் நின்றுவிடுகிறது, ஆனால் அவர் 400 வரை இருந்தார். கோட்டை 400 வரை நீட்டி அங்கே இறந்ததற்கு ஒரு குறி போடலாமா?

நைட்டியூட்டி_டாக்டர்

ஈ-டிஷ் வேண்டாம். இந்த டேட்டாவில் ஏஎல்டியே இல்லை, ஏஎஸ்டி மட்டும்தான். அதோடு இந்த நோயாளிகளுக்கு முதல் நாளே ஆல்கலைன் பாஸ்பேடேஸ் ஏறியிருக்கும், பலருக்குப் பிலிருபினும்தான். மேல் எல்லையின் மடங்கு என்பது ஆரோக்கியமான கல்லீரலோடு ட்ரயலுக்குள் வருகிறவர்களுக்குச் சரி, இவர்களுக்கு அவரவர் பேஸ்லைனின் மடங்காக வரைந்து பாருங்கள்.

பழைய_புள்ளியியல்காரன்

நீட்டாதீர்கள். 21.3 என்று 400 வரை தட்டையாக இழுத்தால் அந்த 208 நாளும் அவர் மாறாமல் இருந்தார் என்று நீங்கள் சொல்வதாகும், அது நமக்குத் தெரியாது. கோடு 192-இல் கடைசிப் புள்ளியோடு நிற்கட்டும். படத்தின் அடிப்பகுதியில், 400-ஆம் நாளுக்கு நேராக, அதே நிறத்தில் ஒரு சின்னப் பெருக்கல் குறி போடுங்கள். மாற்று அறுவைக்கு முக்கோணம். ஜிஜிபிளாட்டில் இதற்கு நோயாளிக்கு ஒரு வரிசையாகச் சுருக்கிய தனி டேட்டா கொடுத்து இன்னொரு அடுக்காகச் சேர்த்தால் போதும், கோடுகளைத் தொடவே வேண்டியதில்லை.